ஓராண்டில் நான்கு மொழிகள்: எதை வளர்ப்பது, எதைக் காப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. மதிப்பெண்ணுக்காகப் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்தேன். மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்லும் எண்ணம் இன்னும் இருக்கிறது. அலுவலகத் தேவைக்காக ஹிராகனா, கட்டகனா எழுத்துகளைக் கற்று, ஜப்பானியப் பாடநூலில் பத்துப் பாடங்கள் தாண்டியிருக்கிறேன். கொரியத் தொடர்களைப் பார்த்து அந்த மொழி மீதும் ஆசை வந்துவிட்டது. சென்ற ஜனவரியில், ‘ஜப்பானியத்தில் என்4 (கீழிருந்து இரண்டாம் நிலை), ஜெர்மனில் பி1 (இடைநிலை), பிரெஞ்சில் பி1, கொரியத்தில் டோபிக் (கொரிய மொழித் திறன் தேர்வு) முதல் நிலை’ என்று டைரியில் எழுதி, நான்கு கட்டங்கள் போட்டு நாள்தோறும் குறித்து வந்தேன். மார்ச் மாதத்துக்குப் பிறகு கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் காலையும் மாலையும் ஒரு மணி நேரப் பயணம். இரவில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். இந்த ஆண்டுக்கு எப்படித் திட்டமிடுவது? – வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு தேர்வுகளின் பெயர்கள் இருக்கின்றன, படிக்கக் கிடைக்கும் நேரமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் செய்யப்படவில்லை. அதை இப்போது செய்துவிடுவோம்.

இரவு முக்கால் மணி நேரம் வாரத்துக்கு ஆறு நாள் என்றால் நாலரை மணி. பஸ் பயணத்தில் மாலை நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலை முடிந்து வரும்போது கண் தானாக மூடும், அந்த உறக்கம் உங்களுக்குத் தேவை. காலையில் அரை மணி நேரம், ஐந்து நாள் என்றால் இரண்டரை மணி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி. ஆக வாரத்துக்கு எட்டு மணி நேரம். ஆண்டில் 52 வாரங்கள் இருந்தாலும், பொங்கல், தீபாவளி, உறவினர் வீட்டுத் திருமணங்கள், காய்ச்சல், ஷிப்டு மாற்றம் ஆகியவற்றுக்காக ஏழு வாரங்களைக் கழித்துவிட்டால், கையில் நிற்பது 45 வாரங்கள், அதாவது 360 மணி நேரம். இதை நான்காகப் பங்கிட்டால் ஒரு மொழிக்கு 90 மணி நேரம்தான் வரும்.

இந்த 90 மணி நேரம் எவ்வளவு என்பதை உணர ஓர் ஒப்பீடு சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகப் பணியாளர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனத்தின் நீண்ட அனுபவக் கணக்குப்படி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர்ச்சி பெறப் பிரெஞ்சுக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணிகளும், ஜெர்மனுக்குச் சுமார் 900 மணிகளும், ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் தலா 2200 மணிகளும் ஆகின்றன. வீட்டில் படிக்கும் நேரம் இதில் சேராது. நீங்கள் எழுதிவைத்த நிலைகள் இவற்றைவிடக் கீழானவை என்பதும், தமிழரான உங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மையே. ஆயினும் ஓராண்டில் நான்கு ஏணிகளிலும் ஒரே சமயத்தில் ஏற நினைத்தது எவ்வளவு பெரிய சுமை என்பது இதில் தெரிகிறது. மார்ச் மாதத்தில் நீங்கள் நின்றுபோனதை மன உறுதிக் குறைவு என்று கருதி வருந்த வேண்டாம். அந்தத் திட்டத்தை யார் கையில் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அங்கேதான் நின்றிருக்கும்.

என் ஆலோசனை இதுதான்: ஓராண்டில் ஒரு மொழியை மட்டும் வளருங்கள், ஏற்கெனவே தெரிந்தவற்றை வாடாமல் காத்துக்கொள்ளுங்கள், புதியதைத் தொடங்காதீர்கள். வளர்ப்பதற்கு வேண்டிய நேரமும் காப்பதற்கு வேண்டிய நேரமும் ஒன்றல்ல என்பதால்தான் பல மொழிகளை ஒன்றாக வைத்திருப்பதே சாத்தியமாகிறது. மா நட்ட முதல் ஆண்டில் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். வேர் பிடித்த மரத்துக்கு அவ்வப்போது பாய்ச்சினால் போதும்.

நானும் இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் கற்றேன். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த அதே ஆண்டில் ரஷ்ய மொழியையும் தொடங்கி, இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் ரஷ்யன் என்று எழுதி வந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கங்கள் கடைசித் தாள் வரை நிரம்பியிருக்கின்றன. வலப்பக்கங்கள் ஆறாம் பாடத்தின் வேற்றுமை அட்டவணையில் பாதியில் நிற்கின்றன. அந்த அட்டவணையை முடிக்க எனக்குப் பிறகு தனியாக ஓராண்டு வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஜெர்மனை வானொலி கேட்பதோடு நிறுத்திக்கொண்டதால்தான் முடிக்க முடிந்தது.

உங்களுக்கு வளர்க்க வேண்டிய மொழி ஜப்பானியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அலுவலகத்தில் நாள்தோறும் காதில் விழும் மொழி அது. கற்றதை மறுநாளே பயன்படுத்த ஆள் இருக்கும்போது இலக்கு தானாகவே உயிரோடு இருக்கும். ஆகவே வாரத்தின் எட்டு மணியில் ஆறு மணி ஜப்பானியத்துக்கு, ஒன்றரை மணி ஜெர்மனுக்கு, அரை மணி பிரெஞ்சுக்கு. ஆண்டு முடிவில் ஜப்பானியத்துக்கு 270 மணி சேரும். கொரியத் தொடர்களைத் தாராளமாகப் பாருங்கள். பாடநூலை மட்டும் இந்த ஆண்டு வாங்காதீர்கள். ஆசைப்பட்ட ஒன்றைத் தள்ளிவைப்பது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தள்ளிவைத்த மொழி கெட்டுப்போகாது. பாதியில் விட்ட மொழிதான் ‘எனக்கு வராது’ என்ற எண்ணத்தை மனத்தில் விதைத்துவிடுகிறது.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். ஜூலையில் அதன் தொடக்க நிலையான என்5 எழுதுங்கள். மொத்தம் 180 மதிப்பெண்ணில் 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காவிட்டால் மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. ஆகவே காலை பஸ் நேரத்தைக் கேட்பதற்கே ஒதுக்குங்கள். டிசம்பரில் என்4 எழுதுவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். ஜூலைத் தேர்வு எழுதிய அனுபவத்தையும் அதுவரை உண்மையில் படித்த மணிகளையும் பார்த்து, டிசம்பர்த் தேர்வுக்கான பதிவு முடிவதற்குள் தீர்மானியுங்கள். இந்தத் தேர்வில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் மதிப்பெண் கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆகவே தேர்வுக்குப் பக்கத்திலேயே இன்னோர் இலக்கை எழுதிவையுங்கள்: ‘செப்டம்பருக்குள், ஒரு பாகத்தில் கண்ட குறையை ஜப்பானிய மேலாளரிடம் ஐந்து வாக்கியங்களில் விளக்குவேன்.’ உங்கள் வேலைக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் ஜப்பானியத்தை ஆங்கில வழியில் படிக்கிறார்கள். அதனால் எளிதாக வர வேண்டியதைக்கூடக் கடினமாக்கிக்கொள்கிறார்கள். ‘தபெரு’ என்றால் சாப்பிடுவது, ‘மிரு’ என்றால் பார்ப்பது. ‘தபெதே மிரு’ என்றால் என்ன? சாப்பிட்டுப் பார்ப்பது. ‘ககு’ என்றால் எழுதுவது, ‘ஒகு’ என்றால் வைப்பது. ‘கயிதே ஒகு’ என்றால் எழுதி வைப்பது. ஆங்கிலப் பாடநூல் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் தருகிறது. நமக்கு ஒரு வரியே போதும். வினை கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் நமக்குப் பழகிய நடைதான். ஆகவே உங்கள் சொல் அட்டைகளின் பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதாமல், தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். வினையெச்சம், வேற்றுமை உருபு என்று பள்ளியில் படித்த இலக்கணம் இவ்வளவு தொலைவில் வந்து உதவுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

காக்கும் மொழிகளுக்கு வருவோம். ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்லே நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்தி அறிக்கையும், பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கடினமாகத்தான் இருக்கும். ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்து வடிவத்தோடு மூன்று முறை கேளுங்கள். ஜெர்மனில் கூடுதலாக, வாரம் ஒருமுறை ஏ1 பாடம் ஒன்றைத் திருப்பிப் படித்தால் இந்த ஆண்டுக்குப் போதும். பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். அது வாரம் ஒன்றரை மணியில் எட்டக்கூடியது அன்று. ஜெர்மனிக்குப் போகும் ஆண்டு உறுதியானதும், ஜப்பானியத்தைக் காக்கும் வரிசைக்கு மாற்றி, அந்த ஆறு மணியை ஜெர்மனுக்குக் கொடுங்கள்.

டைரியில் இனி நாள்தோறும் நான்கு கட்டங்கள் வேண்டாம். வாரத்துக்கு ஒரு வரி, அதில் படித்த மணிகள் மட்டும். மார்ச், ஜூன், செப்டம்பர் மாத இறுதியில் கூட்டிப் பாருங்கள். கணக்கு குறைந்திருந்தால் இலக்கைக் குறையுங்கள். விட்ட நேரத்தை அடுத்த மாதத்தில் ஏற்றிவைத்து ஈடுகட்ட முயலாதீர்கள்.

கேள்வி: ஜப்பானியத்தையும் கொரியத்தையும் ஒரே ஆண்டில் தொடங்கலாமா? இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் எளிது என்கிறான் நண்பன். குழம்பும் என்கிறார் பேராசிரியர். – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இருவர் சொல்வதும் சரி, காலம்தான் வேறு. நேரத்துக்கு ஜப்பானியத்தில் ‘ஜிகான்’, கொரியத்தில் ‘ஷிகன்’. வாக்குறுதிக்கு ‘யகுசொகு’, ‘யக்சொக்’. நூலகத்துக்கு ‘தொஷொகன்’, ‘தொசொக்வன்’. சீன எழுத்து வழியாக இரண்டுக்கும் வந்துசேர்ந்த சொற்கள் இவை. ஒன்று மனத்தில் ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கினால், இத்தகைய சொற்கள் உழைப்பின்றிக் கைக்கு வரும். இரண்டும் ஒரே வாரத்தில் புதிதாக நுழைந்தால், எது எந்த மொழிக்கு உரியது என்று மூளை பிரித்துவைக்கத் திணறும். ஸ்பானிஷும் இத்தாலியமும் சேர்த்துத் தொடங்குபவர்களுக்கும் இதே இடர் உண்டு.

ஆகவே ஒன்றில் என்4 அல்லது டோபிக் இரண்டாம் நிலை எட்டும் வரை மற்றதைத் தொடாதீர்கள். ஒரே ஆண்டில் இரண்டு மொழிகளைத் தொடங்கியே தீர வேண்டும் என்றால், ஓசையிலும் எழுத்திலும் தொலைவாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள்: கொரியமும் பிரெஞ்சும், அல்லது ஜப்பானியமும் ஸ்பானிஷும். அப்போதும் இரண்டாவதை நான்கு மாதங்கள் கழித்துத் தொடங்குவது நல்லது.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் மூன்று மொழிகளை 300 நாள்கள் விடாமல் படித்திருக்கிறேன். இந்த ஆண்டு 365 நாள் என்பதை இலக்காக வைக்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: விடாமல் வருவது பெரிய பண்பு; அதை இழக்க வேண்டாம். ஆனால் செயலி எண்ணுவது நீங்கள் வந்த நாள்களை. இன்றே ஒரு வெள்ளைத் தாளில், எதையும் பார்க்காமல், மூன்று மொழிகளிலும் நேற்று நடந்ததைப் பத்து வரி எழுதிப் பாருங்கள். எந்த மொழியில் அதிகம் எழுத வருகிறதோ அதை இந்த ஆண்டு வளர்க்க எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் அதே பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள். தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 64. மகன் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. பேரனுக்குத் தமிழைவிட ஜெர்மன்தான் சரளமாக வருகிறது. ஜெர்மனோடு, இளமையில் விட்டுப்போன பிரெஞ்சையும் படிக்க விரும்புகிறேன். தேர்வு எழுதும் எண்ணமில்லை. படித்த சொல் மறுநாளே மறந்துவிடுகிறது. எனக்கு ஆண்டு இலக்கு என்று எதை வைப்பது? – வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் இலக்கு தெளிவாகக் கடிதத்திலேயே இருக்கிறது: பேரன். தேர்வின் நிலைகளை மறந்துவிட்டு, அவனோடு நடக்கும் உரையாடலையே அளவுகோலாக வையுங்கள். முதல் மூன்று மாதங்களில், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் அவனிடம் ஜெர்மனில் கேள்வி கேட்பது; ஜூன் முடிவதற்குள் பத்து நிமிடம்; ஆண்டு முடிவில், அவனுடைய படப் புத்தகம் ஒன்றை நீங்கள் வாசிக்க அவன் கேட்பது.

நினைவைப் பற்றிய கவலையும் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்றும், அதன் பிறகு மறதி மெதுவாகிறது என்றும் காட்டினார். தம்மையே சோதனைக்கு உட்படுத்தி அவர் அதைக் கண்டபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயதுதான். ஆகவே மறுநாளே மறந்துபோவது முதுமைக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்புகள் வைத்து, சொல் அட்டைகளை அதில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும்; தவறிய அட்டை முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, கடைசி இரண்டையும் இன்னும் நீண்ட இடைவெளியில் பாருங்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு என்பதால், ஆண்பாலை நீல அட்டையிலும், பெண்பாலைச் சிவப்பிலும், இரண்டும் அல்லாத நடுப்பாலைப் பச்சையிலும் எழுதினால் நிறமே நினைவில் நிற்கும்.

பிரெஞ்சை அடுத்த ஜனவரி வரை தள்ளிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைக்கும்போது, மேசையில் இருக்கும் பத்துப் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஜெர்மனில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் அட்டையில் எழுதி, அவனையே திருத்தச் சொல்லுங்கள்.