'சி' எழுத்துச் சொற்கள்: கேட்டவையும் சொன்னவையும்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பலர் ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். மூன்று நாளில் பாதி மறந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒரு சொல்லைத் தனியாகப் பிடிக்காமல் அதன் வீட்டு ஆட்களோடு சேர்த்துப் பிடித்தால் அது போகாது என்பது என் அனுபவம். இந்த முறை ஆங்கில 'சி' எழுத்து. வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

வியாசர்பாடி, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்: டீச்சர், 'சி'யை எங்கே 'க' என்று படிப்பது, எங்கே 'ச' என்று படிப்பது? பக்கத்தில் 'எச்' வந்துவிட்டால் மொத்தமும் குழம்புகிறது.

தம்பி, 'சி'க்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். இ, ஐ, ஒய் என்ற மூன்றில் ஒன்று இருந்தால் 'ச': சென்ட், சிட்டி, சைக்கிள். மற்றபடி பெரும்பாலும் 'க': கோட், கப், கிளாஸ், கிரீம்.

'எச்' சேர்ந்தால் அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் சொற்களுக்கு 'ச்ச' ஒலி: சைல்டு, சர்ச், சீஸ். கிரேக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு 'க': கெமிஸ்ட்ரி, கேரக்டர், கோரஸ். பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவற்றுக்கு 'ஷ': ஷெஃப், ஷாம்பெயின்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி சீஃப், ஷெஃப். இரண்டுக்கும் மூலம் தலையைக் குறிக்கும் 'கபுட்' என்ற ஒரே லத்தீன் சொல்தான். முதலாவது இடைக்காலத்திலேயே பிரெஞ்சு வழியாக வந்துவிட்டது, அதனால் 'ச்ச'. இரண்டாவது 19ஆம் நூற்றாண்டில் வந்தது, அதனால் 'ஷ'. கேப்டன், கேப்பிடல் இரண்டும் அதே வீடுதான். தமிழிலும் தலைவர், தலைநகர், தலைமைச் சமையல்காரர் என்றுதானே சொல்கிறோம்? இப்படிச் சேர்த்து வைத்துக்கொண்டால் நான்கு சொல்லும் ஒன்றாக நினைவில் நிற்கும்.

நொச்சிக்குப்பம், 11ஆம் வகுப்பு மாணவி: மிஸ், 'கேட்டமரான்' என்றால் இரண்டு படகு உடல்களை மேலே இணைத்த சொகுசுப் படகுப் படம் போட்டிருக்கிறது. எங்க தாத்தா ஓட்டியது மரங்களைக் கயிற்றால் கட்டியது. எது சரி?

கண்ணு, இரண்டும் சரி. ஆனால் சொல் உன் தாத்தாவுடையது. கட்டு, மரம்: கட்டிய மரம். கடலுக்குப் போகும்போது கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கும் மரங்கள். தண்ணீர் மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக வடிந்துவிடும், அதனால் மூழ்காது. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் இதைப் பார்த்து வியந்தார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். அந்தக் கரையின் ஆங்கிலப் பெயரான 'கோரமண்டல்' கூட 'சோழமண்டலம்' திரிந்ததுதான். பார்த்தாயா, அதுவும் 'சி'!

பிறகு பசிபிக் தீவுக்காரர்கள் கட்டுவதுபோல இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு ஆங்கிலேயர் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. தேர்வில் இரட்டை உடல் படகு என்றே எழுது. சொற்பிறப்பு கேட்டால் 'தமிழ்' என்று எழுது. பன்மைக்குக் கடைசியில் 'எஸ்' போதும்.

நம் வீட்டிலிருந்து போன 'சி' சொற்கள் இன்னும் உண்டு. செரூட், சுருட்டிலிருந்து. கொரண்டம், குருந்தக் கல்லிலிருந்து. மாணிக்கமும் நீலமும் வேதியியல்படி அந்த ஒரே கனிமம்தான். கறி அங்கே போய் 'கரி' ஆயிற்று. நம் ஊரில் கறிக்கடை என்றால் ஆட்டுக்கறியோ கோழிக்கறியோதான், அவர்களுக்கோ மசாலாக் குழம்பு எல்லாமே 'கரி'. ஆனால் ஒருவரைக் காக்காய் பிடிப்பதை 'கரி ஃபேவர்' என்பார்களே, அதற்கும் நம் கறிக்கும் சம்பந்தமில்லை. அது குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறிக்கும் வேறொரு பழைய வினைச்சொல்.

சௌகார்பேட்டை, கணக்கர்: அப்படியென்றால் 'கேஷ்' என்பதும் நம் காசுதானே, மேடம்?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், சார். ஆனால் இவை இரண்டு சொற்கள். ரொக்கப் பணம் என்ற பொருளில் வரும் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது. இன்னொரு 'கேஷ்' உண்மையிலேயே நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. பழைய மதராஸ் நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்ற தங்க நாணயம். அந்தக் காசைத்தான் ஆங்கிலேயர் தங்கள் கணக்கேடுகளில் அப்படி எழுதினார்கள். ஒலியும் எழுத்தும் ஒன்றாக இருப்பதால் பிறப்பும் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது.

அம்பத்தூர், பெயர் வேண்டாம் என்றவர்: கவுன்சிலர் என்பதை எப்படி எழுதுவது? இரண்டு விதமாகப் பார்க்கிறேன்.

இரண்டு விதம் இல்லை, இரண்டு ஆட்கள். மன்றம் என்ற பொருளில் வருவதில் நடுவே 'சி', கடைசியில் 'ஐ எல்'. அதன் உறுப்பினர்தான் நம் வார்டு கவுன்சிலர். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் 200 வார்டுகளுக்கு 200 பேர். ஆலோசனை என்ற பொருளில் வருவதில் 'சி'க்குப் பதில் 'எஸ்', கடைசியில் 'இ எல்'. பொறியியல் சேர்க்கைக்குப் பிள்ளைகள் போகும் கவுன்சலிங் இந்த 'எஸ்' வகை. மன்றம் பெயர்ச்சொல் மட்டுமே, அதை வினையாக்க முடியாது. ஆலோசனை பெயராகவும் வினையாகவும் வரும். நீதிமன்றத்தில் வழக்கறிஞரைக் குறிப்பதும் இந்த 'எஸ்' வகைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒத்துழைப்பு 'கோ ஆபரேஷன்', மாநகராட்சி 'கார்ப்பரேஷன்'. "உங்கள் கார்ப்பரேஷனுக்கு நன்றி" என்று மேடையில் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். பிந்தையது உடல் என்று பொருள்படும் 'கார்பஸ்' வீட்டுச் சொல். பலர் சேர்ந்து ஓர் உடலாக நிற்பது. நம் மாநகராட்சி 1688இலிருந்து அப்படி நிற்கிறது.

தாம்பரம், பி.எட். மாணவர்: 'காஸ்டட்' என்று எழுதினால் தவறா?

நடிக்கவைப்பது, வாக்களிப்பது என்ற பொருள்களில் வரும் 'காஸ்ட்' மூன்று காலத்திலும் 'காஸ்ட்'தான். ஓட்டுப் போட்டதையும் அப்படியே எழுத வேண்டும். விலையைக் குறிக்கும் 'காஸ்ட்'டும் மாறாது. ஒரு திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டதைச் சொல்லும்போது மட்டும் 'காஸ்டட்' சரி. சூஸ் சோஸ் சோசன், கேட்ச் காட் காட், கிரீப் கிரெப்ட் கிரெப்ட்: இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வாய்ப்பாடு மாதிரி காதில் ஏறிவிட்டால் தவறாக எழுத கையே வராது.

அதே மாணவர்: 'க்ரைட்டீரியா' ஒருமையா?

பன்மை. ஒருமை 'க்ரைட்டீரியன்'. அதுபோல க்ரைசிஸ் ஒருமை, க்ரைசீஸ் பன்மை.

மந்தைவெளி, ஒரு பாட்டி: பேத்தி எழுதியதில் 'கிளாசிக்' என்பதை அடித்துவிட்டு 'கிளாசிக்கல்' என்று திருத்தியிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்மா?

அம்மா, 'கிளாசிக்' என்றால் தன் வகையில் தலைசிறந்தது, காலத்தை வென்றது. 1986இல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி 'டை'யில் முடிந்த டெஸ்ட் ஒரு கிளாசிக். 'கிளாசிக்கல்' என்றால் தொன்மையான மரபைச் சேர்ந்தது. மார்கழியில் நீங்கள் கேட்கும் கச்சேரி கிளாசிக்கல். 2004இல் தமிழுக்கு மத்திய அரசு அறிவித்த செம்மொழித் தகுதியும் கிளாசிக்கல். பேத்தி சங்கீதம் பற்றி எழுதியிருந்தால் திருத்தம் சரிதான்.

போரூர், ஐ.டி. ஊழியர்: அலுவலகத்தில் என் ஆங்கிலத்தைத் திருத்துகிறார்கள். 'கோப் அப் வித்', 'கஸின் பிரதர்', 'கோ பிரதர்' எல்லாம் தவறா?

முதலாவதில் 'அப்' வேண்டாம், 'கோப் வித்' போதும். 'கஸின்' ஆண் பெண் இருவருக்கும் பொது, பின்னால் எதுவும் ஒட்ட வேண்டாம். மூன்றாவதற்காக மட்டும் நான் வாதாடுவேன், தம்பி. சகலை என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. 'பிரதர் இன் லா' என்றால் மச்சானா, கொழுந்தனா, சகலையா என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் ஆட்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டாருக்கு எழுதும்போது மட்டும் மனைவியின் சகோதரியுடைய கணவர் என்று விரித்து எழுதுங்கள்.

பெரம்பூர், இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா: கடன் வாங்கப் போனால் 'கேன்சல்டு செக்' கேட்கிறார்கள். ரத்தான செக்கை வைத்து என்ன செய்வார்கள்? கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் அக்கா, பணம் சம்பந்தப்பட்டது ஆயிற்றே. 'கேன்சல்' என்பது லத்தீனில் கம்பி அழிக்கான பெயரிலிருந்து வந்தது. எழுதியதன் மேல் அழிபோலக் குறுக்குக் கோடுகள் போட்டு அது செல்லாது என்று காட்டினார்கள். இன்றைக்கும் வங்கியில் அதையேதான் செய்யச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் அவர்களுக்கு வேண்டியது உங்கள் கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு, அச்சாகியிருந்தால் உங்கள் பெயர், அவ்வளவுதான். அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது. இடது மூலையில் சிறிதாக இரண்டு கோடு போடும் 'கிராஸ்டு செக்' வேறு. அது செல்லும், ஆனால் கணக்கில்தான் வரவாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு நீளக் கோடு போடுங்கள். நடுவில் பெரிய எழுத்தில் 'கேன்சல்டு' என்று எழுதுங்கள். நம் ஊர் வழக்கப்படி இரண்டு 'எல்'. கணக்கு எண்ணும் குறியீடும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை எழுத வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம்.