சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம்?

எனக்கு ஐந்து மாதம் ஆனது. கோலாலம்பூர் செகாம்புட்டில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். சிறுநீரகம் கொடுத்தது என் அக்கா. மேசை வேலை என்றால் மூன்று மாதத்திலேயே போகிறவர்களும் உண்டு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு மலேசியச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள். மிச்ச நாளுக்குக் கையில் பணம் வேண்டும்.

நான் செய்த தப்பு, 'லைட் டியூட்டி' என்று மட்டும் டாக்டர் எழுதிய கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது. மேலாளருக்கு லைட் டியூட்டி என்றால் லாரியில் ஏறாமல் கீழே நின்று பெட்டியை வாங்கி அடுக்குவது! மறுபடி கிளினிக்குக்குப் போய், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எத்தனை மாதத்துக்கு, தூசி பறக்கும் குடோனுக்குள் போகலாமா, எந்தெந்த நாள் ரத்தப் பரிசோதனை என்று வரிவரியாக எழுதி வாங்கினேன். அப்புறம் பேச்சே இல்லை.

பரிசோதனை நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை டாக்ரோலிமஸ், அதாவது புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. அன்று வேலைக்கு வர மதியம் ஆகும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் மாத்திரை அது. ஓவர்டைம் என்றாலும் பையில் இருக்க வேண்டும். அந்த மாத்திரையால் எனக்குக் கை லேசாக நடுங்கும். டெலிவரி ஆர்டரில் என் கையெழுத்தைப் பார்த்த டிரைவர் ஒருவர், "என்ன பாஸ், ராத்திரி தண்ணியா?" என்றார். தண்ணிதான், பச்சைத் தண்ணி. டயாலிசிஸ் காலத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து குடித்தவனை இப்போது நாளுக்கு இரண்டரை லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். என் மேசையைக் கழிவறைப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

எல்ஆர்டி ரயிலில் முகக்கவசம், மாமாக் சாப்பாட்டுக் கடையில் சுடச்சுட இருப்பது மட்டும். சீனப் புத்தாண்டுக்கு முதலாளி கொடுத்த பம்பளிமாஸ் பக்கத்து வீட்டுக்குப் போனது. அந்தப் பழம் ரத்தத்தில் மாத்திரையின் அளவை ஏற்றிவிடும்.

உங்களுக்கும் வீட்டில் யாராவது சிறுநீரகம் கொடுத்திருந்தால், அவருக்கும் இப்படி ஒரு கடிதம் வாங்குங்கள். அக்கா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறார். நோயாளி தம்பிதானே என்று ஆறாவது வாரமே அவரைச் சோற்றுப் பானை தூக்க விட்டிருக்கிறார்கள். என்னிடம் அவர் சொன்னதே ரொம்ப நாள் கழித்துத்தான்.