காலையில் எரிந்து, ஓட்டியதும் அணையும் டயர் விளக்கு: கண்டுகொள்ளாமல் விடலாமா?

கேள்வி: ஆறு வருடமாக ஓட்டும் என் காரில் டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு சில நாட்களாகக் காலையில் எரிகிறது. கொஞ்ச தூரம் போனதும் தானாக அணைந்துவிடுகிறது. "சென்சார் பழசாகிவிட்டது, கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார் மெக்கானிக். நான் அலுவலகம் போய் வர மட்டும்தான் காரை எடுக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இந்த வசதியால் உண்மையில் பயன் உண்டா? மனைவி ஓட்டும் பழைய காரில் இது கிடையாது. வாங்கி மாட்டலாமா?

பதில்: மெக்கானிக் சென்சாரைச் சந்தேகப்பட்டதில் தவறில்லை. வீலுக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம்தான் வரும், உங்கள் கார் அந்த வயதை எட்டிவிட்டது. ஆனால் சென்சார் கெட்டால் விளக்கு இப்படி எரியாது. பெரும்பாலான கார்களில் கோளாறு என்றால், ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டுவிட்டு மின்னும், அப்புறம் நிலையாக எரியும். மின்னாமல் நேராக எரிந்தால் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

அப்படியானால் ஓட்டியதும் ஏன் அணைகிறது? வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். பகலைவிட விடிகாலை 12 டிகிரி குளிராக இருந்தால் 2 பிஎஸ்ஐ போயிற்று. வண்டி ஓடத் தொடங்கியதும் டயர் சூடேறி மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடும், விளக்கும் அணையும். காற்று நிரம்பியதால் அது அணையவில்லை. எச்சரிக்கைக் கோட்டை ஒட்டியே உங்கள் டயர் நின்றுகொண்டிருக்கிறது, குளிரில் கீழே இறங்குகிறது, சூட்டில் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். டயர் பிய்ந்து கார்கள் கவிழ்ந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவில் 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இந்த வசதி கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரில் அதே நிலை வந்தது. அமெரிக்க விதி கேட்பது, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதுதான். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 25-க்கு இறங்கிய பிறகு விளக்கு எரிந்தாலும் அந்த விதிப்படி அது சரிதான். சில கார்கள் இன்னும் முன்னதாகவே சொல்லும். இருந்தாலும், விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 28-ல் ஓடும் டயர் பற்றி அது வாயே திறக்காமல் இருக்கலாம்.

25 பிஎஸ்ஐயில் ஓடினால் என்ன ஆகும்? பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. நகர வேகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, ஓரங்கள் மட்டும் சீக்கிரம் தேயும், எரிபொருளும் சற்று கூடுதலாகச் செலவாகும். அதே டயரோடு ஆட்களும் சாமான்களுமாக நெடுஞ்சாலையில் ஏறினீர்கள் என்றால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரியும். ஓடும்போது டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, அலுவலகம் போய் வருபவருக்கு என்ன பயன்? என்னைக் கேட்டால் ஒரே ஒரு பயன், ஆனால் பெரியது: மெதுவாக இறங்கும் பஞ்சர். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே தட்டையாகாது. ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நிற்கும், ஓரத்தில் மட்டும் காற்று கசியும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ பிஎஸ்ஐதான் போகும். ரேடியல் டயரின் பக்கச்சுவர் இயல்பாகவே கொஞ்சம் பிதுங்கி நிற்பதால் 33-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். காலால் உதைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. இந்த இடத்தில் விளக்கு உங்களுக்கு முன்னால் பார்த்துச் சொல்கிறது. ஆணி இருக்கும்போதே கண்டுபிடித்தால் பஞ்சர் ஒட்டுவதோடு முடியும். தெரியாமல் காற்றில்லாத டயரில் ஓட்டினால் பக்கச்சுவர் நசுங்கி டயரையே மாற்ற வேண்டிவரும்.

உங்கள் காரில் விளக்கு தானாக அணைவதைப் பார்த்தால் ஒவ்வொரு வீலிலும் தனித்தனி சென்சார் இருக்கும் வகையாகத்தான் தோன்றுகிறது. இன்னொரு வகையில் சென்சாரே கிடையாது. பிரேக் போடும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வீல்களின் வேகத்தை எப்படியும் அளக்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், அதை வைத்து ஊகிக்கிறது. இந்த வகையில் காற்று அடித்ததும் ரீசெட் செய்ய வேண்டும். குறைந்த காற்றிலேயே ரீசெட் செய்துவிட்டால் அதையே சரியான அளவு என்று நினைத்துக்கொள்ளும். நான்கு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினாலும் சில கார்களில் கண்டுபிடிக்காது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, சொந்தமாக ஒரு காற்றழுத்த கேஜ் வைத்து நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ளதுதான் உங்கள் அளவு. டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதுவரை அடிக்காதீர்கள். நான்கும் சம அளவில் குறைந்திருந்தால் மாதக்கணக்கில் காற்று அடிக்கவில்லை, அவ்வளவுதான். எந்த நல்ல டயரிலும் மாதம் 1 பிஎஸ்ஐ அளவுக்குத் தானாகவே இறங்கும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் காற்று அடித்து அனுப்பிவிடாமல் ஆணி, வால்வு, ரிம் ஓரம் மூன்றையும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டயரைக் கழற்றுவதாக இருந்தால் உள்ளே சென்சார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் கருவி அதன் மேல் இறங்கினால் உடைந்துவிடும். ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள், பல கார்களில் அதற்கு சென்சார் இருக்காது.

மனைவியின் காருக்கு வாங்கலாம், அதில் எனக்குத் தயக்கமில்லை. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்களும், ரிம்முக்குள் பொருத்துபவையும் கிடைக்கின்றன. மூடி வகையை நீங்களே ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், ஆனால் அது வால்வு ஊசியை அழுத்திக்கொண்டே நிற்கும், சீல் சரியில்லாவிட்டால் அதுவே கசிவாகிவிடும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் சோதனை கட்டாயம். பழைய ரப்பர் வால்வின் நுனியில் எடை கூடினால் சுழற்சியில் அது வளைந்து அடிப்பகுதியில் விரிசல் விடலாம், அதனால் முதலில் வால்வுகளைப் புதிதாக்குங்கள், முடிந்தால் உலோக வால்வாக. டயர் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டதென்றால் உள்ளே பொருத்தும் வகைதான் என் தேர்வு. பஞ்சர் அடைக்கும் திரவத்தை அதோடு பயன்படுத்தும்போது மட்டும் கவனம் தேவை, சில திரவங்கள் சென்சாரின் துளையை அடைத்துவிடும்.

இந்தக் கருவிகளில் பலவற்றில் எச்சரிக்கை அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். காரோடு வருபவற்றில் பொதுவாக இல்லாத வசதி இது. பெட்டியிலிருந்து எடுத்த அளவிலேயே விட்டுவிடாமல், அவர் காரின் ஸ்டிக்கரில் 33 என்றிருந்தால் 28-ல் வையுங்கள்.