உச்சி வெயிலில் எடுத்த வெளிமான் படங்களில் உடல் கறுப்புத் திட்டாகவும் வயிறு வெளிறியும் வருகிறது, கூர்மையும் இல்லை. லென்ஸை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கோடியக்கரை, பகல் 12 மணி, 600 மி.மீ. லென்ஸ், தூரத்தில் நின்ற கறுத்த ஆண் வெளிமான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கும் சேர்ந்தால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இப்படித்தான் எடுக்கும். உங்கள் படத்தைக் கெடுத்தது முதலில் கானல், அதாவது சூடான தரைக்கு மேல் நெளியும் காற்று. வெளிச்சம் அதற்கு அடுத்துத்தான்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கை ஆடியிருந்தால் எல்லா விளிம்பும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். போகஸ் தவறியிருந்தால் மானுக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு புல்லாவது கூர்மையாக இருக்கும். கானல் என்றால் எங்குமே கூர்மை இருக்காது. கொம்பின் முறுக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும், கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் கறுத்த கன்னத்துக்குள் கசிந்திருக்கும். 1/4000 ஷட்டர் வேகம் வைத்தாலும் இது தீராது. மானுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள காற்றிலேயே ஒளி வளைந்து வருகிறது.

இதற்கு மருந்து தூரத்தைக் குறைப்பதுதான். உச்சி வேளையில் 40 மீட்டருக்குள் மான் இருந்தால் எடுங்கள். 100 மீட்டரைத் தாண்டினால் முகத்தை விட்டுவிட்டு, புல்வெளியும் கூட்டமுமாக அகலமாக எடுப்பது மேல். கிட்டப் போவதென்றால் துரத்துவதல்ல. வனத்துறை அனுமதித்த தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மேய்ந்துகொண்டே அவை நெருங்கி வரும்வரை இருப்பது. பெண் மான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலை தூக்கி, காது விறைத்து, உங்கள் பக்கமே பார்த்தால் அதற்குமேல் ஓர் அடிகூட நகர வேண்டாம். இந்த வெயிலில் ஒருமுறை விரட்டினாலே அவற்றுக்குப் பெரிய பாடு.

வண்டியும் கானலை உண்டாக்கும். ஏசி ஓடும்போது கண்ணாடியை இறக்கி எடுத்தால், குளிர்ந்த காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு நேர் முன்னால் கலக்கும். ஏசியையும் எஞ்சினையும் அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, 10 நிமிடமாவது பொறுங்கள். சூடான பானெட்டுக்கு மேலாக ஒருபோதும் எடுக்காதீர்கள். நீளமான லென்ஸ் ஹூடுக்குள்ளும் சூடான காற்று தேங்கும், கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கானல் ஒரே அளவில் ஆடுவதில்லை. அதனால் ஒரே சட்டகத்தைப் 15, 20 படங்களாகத் தொடர்ந்து எடுத்தால் அதில் ஒன்றிரண்டு தெளிவாக விழும். மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் தரை கொஞ்சம் ஆறும், அந்த நேரத்தை விடாதீர்கள்.

இனி வெளிச்சம். தானியங்கி அளவீட்டை இந்த விலங்கிடம் நம்ப முடியாது. வெளிறிய சேற்றுத் தரையில் மான் சிறியதாகத் தெரிந்தால் கேமரா தரையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பு உடல் திட்டாகிவிடும். அதே மான் சட்டகத்தை நிறைத்தால் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை எரிந்துவிடும். ஆனால் இரண்டு படத்திலும் மான்மேல் விழும் வெயில் ஒன்றுதான். ஆகவே மேனுவலுக்குப் போங்கள். தெளிந்த வானத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600 என்று தொடங்கி, திரையில் வெள்ளைப் பகுதிகள் மினுக்கினால் (எரிந்துவிட்டது என்று கேமரா தரும் எச்சரிக்கை அது) 1/2000, இன்னும் மினுக்கினால் 1/2500. ரா கோப்பாகவே, அதாவது கேமரா சுருக்காமல் பதிந்த மூலக் கோப்பாகவே எடுங்கள். நிழலில் புதைந்த கறுப்பை அதில் ஓரளவு மீட்கலாம், முழுதாக எரிந்துபோன வெள்ளையை எதிலும் மீட்க முடியாது.

மேலிருந்து விழும் வெயிலில் கண் குழிக்குள் ஒளி போகாது. இங்கே தரை கைகொடுக்கும். காய்ந்து வெளிறிய உப்புச் சேறும் மணலும் பெரிய ரிஃப்ளெக்டர் மாதிரி, தாடை, வயிறு, கண்ணின் கீழ்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் கீழிருந்து ஒளி கொடுக்கும். பசும்புல் அந்த அளவு கொடுக்காது. ஆனால் அதே வெறும் தரைதான் கானலையும் கிளப்புகிறது. கிட்ட நிற்கும் மானுக்கு வெளிறிய தரை, சற்றுத் தள்ளி நிற்பதற்குப் புல்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமைக் கருவேலத்தின் அடியில் படுத்திருப்பவற்றை விட்டுவிடலாம், இலை இடுக்கு வெயில் முதுகெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழுந்து புள்ளிமான் மாதிரி ஆக்கிவிடும்.

காத்திருக்கத் தகுந்த ஒரு நொடி உண்டு. தன் எல்லையைக் காக்கும் ஆண், பெண் மான்களின் முன் மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டி நடக்கும். அப்போது முகம் வானத்தைப் பார்ப்பதால் உச்சி வெயில் நேராக முகத்தில் விழும். கண், வெள்ளை வளையம், கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியின் பிளவு எல்லாம் துல்லியமாகத் தெரியும். காலை வெயிலில்கூட இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மாதமும் முக்கியம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் வரும். டிசம்பர் கடைசியில் உச்சியிலும் தென்பக்கமாக ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே முதுகு காட்டி நின்று எடுத்தால் மானின் பக்கவாட்டில் நல்ல ஒளி விழும்.

கணினியில் நிழலை அதிகம் தூக்காதீர்கள். வானத்தின் நீலம் கறுப்பு ரோமத்தில் ஊதாவாக எட்டிப் பார்க்கும், அந்த இடத்தில் மட்டும் நீலத்தைக் குறையுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் நல்லது, இந்த மானின் நிறமே அதற்கு ஏற்றது. படம் திருத்தும் மென்பொருளில் மங்கலைக் குறைக்கும் ‘டீஹேஸ்’ கருவி கானலைப் போக்காது. நெளிந்த கொம்பு நெளிந்தபடியே இன்னும் அழுத்தமாகத் தெரியும்.