கணக்கு வராது, சமூகவியல் எடுக்கலாமா?

கேள்வி: பிளஸ் 2-வில் வரலாறு, பொருளியல் குரூப் படித்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் 38 மார்க். அதோடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். பி.ஏ. சமூகவியல் சேர ஆசை. "அதிலும் புள்ளியியல் இருக்கிறது, அரியர் வைப்பாய்" என்கிறார் அண்ணன். சேரலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சேரலாம். அண்ணன் சொல்வதும் பொய்யில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் புள்ளியியல் ஒரு தாளாகவோ, ஆய்வு முறைகள் தாளில் ஒரு பகுதியாகவோ வரும். மற்றதெல்லாம் சாதி, குடும்பம், மதம், கிராமம், நகரம், அப்புறம் மார்க்ஸ், துர்கைம், வெபர் போன்ற சமூகச் சிந்தனையாளர்கள்.

அந்தப் புள்ளியியலிலும் சராசரி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), கொஞ்சம் ஒட்டுறவு (இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்பது), கை-ஸ்கொயர் (இரண்டுக்கும் தொடர்பு உண்டா, தற்செயலா என்று பார்க்கும் சோதனை), அவ்வளவுதான். முக்கோணவியல், வடிவியல் எதுவும் எட்டிப் பார்க்காது. ஒரு தெருவில் பத்து வீடு என்று வையுங்கள். ஒன்பது வீட்டில் மாத வருமானம் 15,000 ரூபாய், ஒரு வீட்டில் 3 லட்சம். சராசரி 43,500 வரும். ஆனால் அந்தத் தெருவில் 43,500 சம்பாதிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை! இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் பார்த்தால் 15,000. இரண்டில் எதைச் சொன்னால் தெருவின் நிலைமை புரியும்? சமூகவியல் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். கூட்டி வகுக்கிற வேலையைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். மேற்படிப்பில் அதற்கென்றே எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது.

இன்னொன்று. சொந்த வீட்டுக்காரர்கள் 20 பேரில் 15 பேர் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். வாடகைக்கு இருக்கும் 40 பேரில் 18 பேர். 15-ஐவிட 18 பெரிது என்று எழுதினால் மார்க் போச்சு. 75 சதவீதம், 45 சதவீதம் என்று பார்க்க வேண்டும். இது உங்களுக்குப் புரிந்துவிட்டதா? அப்படியானால் பயம் வேண்டாம். சதவீதமே குழப்புகிறது என்றால் சேருவதற்கு முன் ஒரு மாதம் அதை மட்டும் போட்டுப் பாருங்கள்.

நான் பார்த்தவரை, சமூகவியலில் திணறுகிறவர்களுக்குக் காரணம் கணக்கு இல்லை. வாசிக்கவும் எழுதவும் அலுப்பு. ஒரு செமஸ்டருக்குப் படிக்க வேண்டிய பக்கங்கள் ஏராளம். களப்பணிக்குப் போனால் முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கவும் தெரிய வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். குடியிருந்தது அக்ரகாரத்தில். அதனால் ஊரார் அவரையும் அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள். மற்றத் தெருக்களோடு சகஜமாகப் பழகுவது அவருக்கு எளிதாக இல்லை. எந்த வீட்டில் தங்குகிறோம் என்பதே கிடைக்கிற தகவலை மாற்றிவிடுகிறது. இதற்கு எந்தச் சூத்திரம் உதவும்?

போட்டித் தேர்வு எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண் அதில். ஆனால் முதல்நிலைத் தேர்வில் சிசாட் எனும் திறனறித் தாளில் 33 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதில் பத்தாம் வகுப்பு அளவுக் கணக்கு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-லும் 200 கேள்வியில் 25 கணக்கும் மனத்திறனும்தான். ஆக, எந்த டிகிரி வாங்கினாலும் அந்த 25 விடாது.

சேர நினைக்கும் கல்லூரியில் சீனியர் யாரையாவது பிடித்து, புள்ளியியல் தாளின் பழைய வினாத்தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அந்த 38 மார்க் கணக்குப் புத்தகம் இன்னும் வீட்டில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைசிப் பாடம் புள்ளியியல்தான். திட்டவிலக்கம் அதிலேயே இருக்கிறது.