கீழ்முந்திரியும் 1,02,400ம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண்டனூரில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவு அறையை ஒழித்தபோது ஐயாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. கொழும்பில் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாக இருந்தபோது எழுதியது. முதல் பக்கத்தில் 'முந்திரி 320, கீழ்முந்திரி 1,02,400' என்று இருக்கிறது. 1,02,400க்குக் காரணிகளை எழுதிப் பார்த்தேன், 39 வந்தன. காரணிகள் ஜோடியாகத்தானே வரும், எண்ணியதில் பிசகா? இது ராமானுஜன் ஆராய்ந்த வகை எண்ணா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிசகில்லை, 39 சரிதான். முந்திரி என்பது ஒன்றில் 320ல் ஒரு பங்கு. அந்த முந்திரியில் மறுபடி 320ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. ஆக 1,02,400 ஒரு முழு வர்க்கம். 320க்கு ஜோடி 320தான், மற்ற 38ம் இணை சேர்ந்துவிடும். பகாக் காரணிகளாகப் பிரித்தால் பன்னிரண்டு 2, இரண்டு 5, அவ்வளவே.

ராமானுஜன் 1915ல் எழுதியது, தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி. உங்கள் எண் அந்த வகையில் சேராது. அதைவிடச் சிறிய 83,160க்கே 128 காரணிகள் உண்டு. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தன்னைவிடப் பெரிய 1,51,521 வருவதால் இது மிகை எண். மிகை எண்கள் ஏராளம், அதில் பெரிய விசேஷம் இல்லை.

விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. 1948ல் ஏ.கே. சீனிவாசன் என்பவர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு வகை எண்களைப் பற்றி எழுதினார். அவற்றை நடைமுறை எண்கள் எனலாம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் தன் காரணிகளைக் கூட்டியே தந்துவிடும் எண், ஒரு காரணியை இரண்டு முறை எடுக்கக் கூடாது. 10க்கு இந்தக் குணம் கிடையாது: 1, 2, 5ஐ வைத்து 4 வராது. அணாக் கணக்கின் 16க்கு உண்டு. 320க்கும் உண்டு, 1,02,400க்கும் உண்டு.

320ல் 237 பங்கு வேண்டும் என்று வையுங்கள். 160, 40, 20, 16, 1, கூட்டினால் 237. ஐயா இதை எப்படிச் சொல்லியிருப்பார்? அரை, அரைக்கால், வீசம், மா, முந்திரி. ஐந்துமே எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலில் பையன்கள் மனப்பாடம் செய்த பின்னங்கள். காகிதமும் பென்சிலும் இல்லாமல் வட்டியைப் பைசல் செய்ய முடிந்ததற்கு மனப்பாடம் மட்டும் காரணமில்லை, அடியில் இருந்த 320 அப்படிப்பட்ட எண். அதைத் தேர்ந்தவர் யாரானாலும் அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஒரே குறை, இதில் 3 இல்லை. பங்காளிகள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 34,133 கீழ்முந்திரி போக ஒன்று மிஞ்சும்.

அப்புறம், நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலை: நோட்டில் மூன்று பங்குக் கணக்கு எங்காவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து எழுதுங்கள். மிஞ்சிய அந்த ஒரு கீழ்முந்திரியை ஐயா யார் பேரில் வரவு வைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.