“சரிங்க” என்று சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் கரூர். மகனுக்கு 9 வயது. இங்கேயே பிறந்தவன். ஆட்டிசம், பேச்சு வரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தில் சேவை ஏற்பாடு செய்யும் ரீஜனல் சென்டரிலிருந்து மாதம் 40 மணி நேரம் ரெஸ்பிட் (பெற்றோர் ஓய்வெடுக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்) கொடுத்து வந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் வந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். நான் தூங்குவேன், அல்லது மகளை எங்காவது கூட்டிப் போவேன். போன வாரம் கோஆர்டினேட்டர் போன் செய்து, “பட்ஜெட் நெருக்கடி, 24 மணி நேரமாகக் குறைக்கிறோம்” என்றார். எனக்கு வாயே வரவில்லை. நான்காம் நாள் கடிதமும் வந்துவிட்டது. “நாமே விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு நிலுவையில் இருக்கு, கொடுத்த வரைக்கும் லாபம், சத்தம் போடாதே” என்கிறார் கணவர். எதிர்த்துக் கேட்டால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமா?
— பெயர் வேண்டாம்

பதில்: உங்களுக்கு வாய் வராமல் போனது நல்லதாகப் போயிற்று, தங்கச்சி. எனக்கு வந்தது. 2009-ல் இதே போல ஒரு போன். என் மகனுக்கு அப்போது 8 வயது. வாரம் இரண்டு நாள் நீச்சல் வகுப்பு, அந்தத் தண்ணீருக்குள் மட்டும்தான் கையைக் கடிக்காமல் இருப்பான். “புதுச் சட்டம் வந்திருக்கிறது, இனி அது கிடையாது” என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிங்க, பரவாயில்லை.” தேங்க்யூ வேறு சொல்லி வைத்தேன்.

அந்த ஜூலையில் கலிஃபோர்னியா அரசு பற்றாக்குறையைக் காட்டி, இந்தப் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு வகுப்பு, முகாம், இசை, நடன சிகிச்சை எல்லாவற்றையும் நிறுத்தியது. ரெஸ்பிட்டுக்கும் மூன்று மாதத்துக்கு 90 மணி நேரம் என்று உச்சவரம்பு போட்டது. ஆனால் அதே சட்டத்தில், மிக அவசியமான பிள்ளைகளுக்கு விதிவிலக்கு கேட்கலாம் என்று ஒரு பிரிவும் இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பிறந்தநாள் விருந்தில், இன்னொரு அம்மா சொல்லி. ரெஸ்பிட் வரம்பை 2018-ல் எடுத்தார்கள். வகுப்புகள் திரும்ப வந்தது 2021-ல். அப்போது என் மகனுக்கு 20 வயது.

அதனால் முதலில் அந்தச் “சரிங்க”வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு அது மரியாதைச் சொல். அவர்கள் கோப்பில் அது சம்மதம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக ஒரு சேவையைக் குறைத்தால், 30 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த நோட்டீஸ்கூடத் தேவையில்லை. உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்றால், உங்கள் மௌனத்தைச் சம்மதமாக எழுதவில்லை என்று அர்த்தம். இனி மீட்டிங்கில் ஐ.பி.பி.யை, அதாவது அவனுக்கு என்னென்ன சேவை என்று எழுதிய தனித் திட்டத்தை, நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். மற்றதெல்லாம் சம்மதம், ரெஸ்பிட் குறைப்புக்கு மட்டும் சம்மதமில்லை என்று எழுதிப் போடலாம். முழுசாக மறுக்கவும் வேண்டாம், முழுசாக ஒப்பவும் வேண்டாம்.

மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது. பலரும் அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். வழக்கு முடியும்வரை பழைய 40 மணி நேரம் நிற்காமல் வர வேண்டுமானால், கடிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு 60 நாள் கிடையாது, 30 நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கேட்கலாம். உட்கார்ந்து பேசுவது, மத்தியஸ்தம், விசாரணை என்று மூன்று வழி. பல விவகாரங்கள் மேஜையிலேயே தீர்ந்துவிடும். டிஸெபிலிட்டி ரைட்ஸ் கலிஃபோர்னியா என்ற அமைப்பு ஒவ்வொரு ரீஜனல் சென்டருக்கும் ஓர் உரிமை ஆலோசகரை வைத்திருக்கிறது. அவருக்கும் கட்டணமில்லை.

மேல்முறையீட்டில் போய் “ரொம்பக் களைப்பாக இருக்கிறது” என்று அழாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், அது வேறு. ஆனால் ரெஸ்பிட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல், அதே வயதுள்ள சாதாரணப் பிள்ளையைவிட இவனுக்கு எவ்வளவு அதிகக் கவனிப்பு தேவை என்பது. களைத்துப் போகாத அம்மா ஊரில் யார்? இன்றிலிருந்து இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். இரவு 2.40, எழுந்து குளியலறைக் குழாயைத் திறந்தான். காலை 6.10, முன்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தான். பல் தேய்க்க இரண்டு பேர், 25 நிமிடம். 9 வயதுப் பையன் எவனுக்கும் இதெல்லாம் தேவைப்படாது என்பதை அந்த நோட்டே சொல்லும். கூடவே, ‘பட்ஜெட் இல்லை’ என்பதைத் தவிர அவனுடைய தேவையில் என்ன மாறிவிட்டது என்று அவர்களிடமும் எழுத்தில் கேளுங்கள்.

ஏன் அப்படிக் கேட்கலாம் என்றால், 1980-களின் தொடக்கத்திலும் இதே பட்ஜெட் காரணத்தைச் சொல்லி மாநிலத் துறை சேவைகளை வெட்டப் பார்த்தது. பெற்றோர் வளர்த்த சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 1985-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஐ.பி.பி.யில் எழுதிய சேவை அந்த மனிதரின் உரிமை, பணத்தைக் காட்டித் துறை அதை மீற முடியாது என்றது. அதற்கு அடித்தளம் 1969-ன் லாண்டர்மன் சட்டம். கொண்டுவந்தவர் ஃபிராங்க் லாண்டர்மன், குடியரசுக் கட்சிக்காரர். அதற்கு முன்பு பெற்றோருக்கு இருந்த வழி, தனியாக வீட்டில் வைத்துச் சமாளிப்பது, இல்லையென்றால் பெரிய அரசு மருத்துவமனையில் விட்டுவிட்டு வருவது. அதை ஏற்காமல் அலைந்த அம்மா அப்பாக்கள் வாங்கி வைத்ததுதான் நீங்கள் தூங்கும் அந்த இரண்டு மணி நேரம். நன்றி சொல்வதென்றால் அவர்களுக்குச் சொல்லுங்கள். கோஆர்டினேட்டருக்கு வணக்கம் போதும். (அவரும் பாவம், அளவுக்கு மீறிய குடும்பங்களைக் கவனிக்கும் சம்பளக்காரர். அவரிடம் கத்தாதீர்கள்.)

உங்கள் கணவரின் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். குடிமகனான பிள்ளை வாங்கும் உதவி பெற்றோரின் கிரீன் கார்டு மனுவில் கணக்கில் வராது என்றது 2022-ல் வந்த விதி. குடியேற்ற விதிகளை மாற்றும் பேச்சு ஓயாததால், அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆனால் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: 24 மணி நேரம் வாங்கினாலும் 40 வாங்கினாலும் வாங்குவது வாங்குவதுதான். குறைத்து வாங்குவதால் ஒரு பாதுகாப்பும் கூடாது. வரி மட்டும் முழுசாகத்தானே கட்டுகிறார்?

இந்த வெட்டு உங்கள் வீட்டோடு நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான மத்தியச் சட்டம் பத்தாண்டில் மெடிகெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் மருத்துவ உதவி) சுமார் 90,000 கோடி டாலரைக் குறைக்கிறது. முதியோர் இல்லச் செலவை மாநிலங்கள் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும் சேவை பெரும்பாலும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கை வைப்பதென்றால் எங்கே வைப்பார்கள்? அதே வருஷம் அரிசோனாவில் இதே போன்ற சேவைகளைத் தரும் மாநிலத் துறைக்கு 12.2 கோடி டாலர் பற்றாக்குறை வந்து, ஏப்ரல் கடைசியில் பணம் தீரும் நிலை. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ் சட்டமன்றத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். ஏப்ரல் 24-ல் ஆளுநர் நிதி மசோதாவில் கையெழுத்திட்டார். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் கதவு மூடவில்லை.

நானும் நம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ போயிருக்கிறேன். சட்டமன்றக் கமிட்டி அறைக்கு வெளியே நீண்ட வரிசை, மைக் முன்னால் ஒரு நிமிடம். எழுதிக்கொண்டு போனதை மகன் வாங்கி மென்றுவிட்டான். பெயர், ஊர், “இந்த வெட்டை எதிர்க்கிறேன்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. வந்த பலரும் அவ்வளவுதான் சொன்னார்கள். மே நடுவில் திருத்திய பட்ஜெட் வரும், ஜூன் 15-க்குள் வாக்கெடுப்பு. போவதென்றால் அதற்கு முன்னால் போங்கள். இந்த வருஷம் முடியாவிட்டால் விடுங்கள், உங்கள் கையில் இப்போது இருப்பது அந்தக் கடிதம்.

அதன் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடவில்லையென்றால் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுப் படிவம் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மெயிலில் அனுப்பினால் நகல் ஒன்று உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.